தவளக்குப்பத்தில் எழும்பூர்

பகல் பன்னிரண்டரை மணி. தவளக்குப்பத்தில் கடலூர் ரோட்டை ஒட்டிய கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு ரயில் நிலையம் வளர்ந்துகொண்டிருந்தது.

பிளைவுட், தெர்மோகோல், சவுக்குக் கம்பு, ஒன்பது டப்பா சிவப்பு பெயிண்ட். இருபத்து நான்கு அடி உயரம். சாயங்காலம் அறுநூறு பேர் இதன் வழியாகத்தான் உள்ளே போகப் போகிறார்கள். கல்யாணப் பெண்ணாக சுகன்யாவும்.

சுகன்யாவின் அப்பா செல்லப்பன் அண்ணாந்து பார்த்தார். கட்டடத்தின் மூலையில் மணிக்கூண்டு ஒன்று நெட்டுக்குத்தாக நின்றது. 

"இன்னாம்மா இது?"

சாரத்தின் மேலே கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த பெண் குனிந்து பார்த்தாள். பெயர் இளவரசி. வில்லியனூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாணப் பந்தல், மேடை, ஆர்ச் என்றால் அவளுடைய ஆட்கள்தான்.

"எழும்பூர் ஸ்டேஷன்ணே. ஒரு வாரமா இதே வேலை. நீங்கதான பொண்ணோட அப்பா? மாப்ள வூட்டு அம்மா உங்களத்தான் வரச் சொன்னாங்க, டவுட்டு கேக்க."

"எழும்பூர்ல ஏதும்மா மணிக்கூண்டு? இது சென்ட்ரல்."

பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் பிரஷ்ஷை நிறுத்தினார்கள். இளவரசி இடுப்பிலிருந்த போனை எடுத்தாள், படத்தைப் பார்த்தாள், கட்டடத்தைப் பார்த்தாள்.

"நான் சென்னை ரயில்வே ஸ்டேஷன்னு போட்டேன்ணே. போன்ல இதான் வந்துச்சி."

"அது வடக்க போறவங்களுக்கு. நம்ம பாண்டி வண்டி என்னிக்கிம்மா சென்ட்ரலுக்குப் போயிருக்கு? விழுப்புரம், கடலூரு, மதுர, எல்லாத்துக்கும் எழும்பூர்தான்."

"யாருண்ணே கவனிக்கப் போறா? பிரியாணி துன்ன வர்றவன் மணிக்கூண்டையா எண்ணப் போறான்?"

செல்லப்பன் சட்டையைக் கழற்றி வேப்பமரத்துக் கிளையில் மாட்டினார்.

"ரம்பம் எங்க?"

யாரும் கவனிக்காமல் போகலாம். ஆனால் தன் மகள் சென்ட்ரல் வழியாகக் கல்யாணத்துக்குள் நுழைவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முப்பத்தோரு வருஷம் எழும்பூரில் இருந்தவர்.

என்னவாக இருந்தார் என்பதில்தான் சிக்கல்.

*

ஆறு மாதத்துக்கு முன்னால் பாகூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை புகழேந்தி திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மா உஷாராணி, சிமெண்டு, கம்பிக் கடையைத் தனியாளாக நடத்துகிறவர். கணவர் இறந்து ஒன்பது வருஷம்.

ஒதியம்பட்டில் செல்லப்பன் வீட்டு ஹாலில் எல்லோரும் உட்கார்ந்ததும், தரகர் தொண்டையைச் செருமினார். "பொண்ணோட அப்பா ரயில்வே. எழும்பூர்."

உஷாராணியின் முகம் மலர்ந்தது. "ஸ்டேஷன் மாஸ்டரா?"

"அந்த மாதிரிதான்" என்றார் தரகர்.

செல்லப்பன் வாயைத் திறந்தார். அதே நேரத்தில் அவர் மனைவி சின்னப்பிள்ளை பாயச டம்ளரைக் கையில் வைத்து அழுத்தினாள். அவர் குடித்தார். வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் பாயசம் குடித்தார், அவ்வளவுதான். அதற்குள் அவர் ஆபீசர் ஆகிவிட்டார்.

உண்மையில் அவர் லைசென்ஸ் போர்ட்டர். சிவப்புச் சட்டை, கையில் பித்தளை பேட்ஜ், தோளில் துண்டு. ஊரில் நாற்று பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போன அப்பாவுக்குப் பிறந்து, இருபத்தோரு வயதில் வில்லியனூரில் ரயில் ஏறியவர். மாதம் இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். சுகன்யாவை நர்சிங் படிக்க வைத்தது, ஹாலுக்கு டைல்ஸ் போட்டது, எல்லாமே தலையில் சுமந்ததுதான்.

ஒரு பெண்ணைப் பெற்றவன் தன் தொழிலைச் சொல்ல வெட்கப்படலாமா என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் பேசும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாயசத்தின் கனம்.

உண்மை தெரிந்தால் கல்யாணம் நிற்குமா, நடக்குமா? இந்த ஆறு மாதமாக அவர் தூங்கப் போகும்போதும் எழும்போதும் இதுதான் கேள்வி.

*

மணிக்கூண்டை அறுத்து இறக்கினார்கள். தெர்மோகோலில் கும்மட்டம் செதுக்க ஆரம்பித்தாள் இளவரசி.

"சொல்லுங்கண்ணே, எத்தினி?"

"நடுவுல பெருசா ஒண்ணு. ரெண்டு பக்கமும் சின்னது, குடைய விரிச்சி வெச்ச மாதிரி. செவப்பு நடுவுல வெள்ளப் பட்டை ஓடணும். வளைவு வளைவா ஜன்னலு. சென்ட்ரல் கோட்ட மாதிரி இருக்கும், எழும்பூரு அரமன மாதிரி இருக்கும்."

"ரெண்டும் ஒண்ணுதானண்ணே."

"கோட்டன்னா உள்ள போவ பயம். அரமனன்னா, ஒரு நாளு உள்ள பூந்து பாத்துட்டு வந்துடலாம்னு தோணும்."

இளவரசி சிரித்தாள். அவருக்குப் பேச்சு பிய்த்துக்கொண்டு வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் திறந்த கட்டடம். ஒரு காலத்தில் இங்கே ஏறினால் தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து கப்பல், இறங்கினால் இலங்கை. கார் நேராகப் பிளாட்பாரத்துக்குள்ளேயே வரும், நாலாம் நம்பருக்கும் ஐந்தாம் நம்பருக்கும் நடுவில். அவ்வளவு வசதி வேறே எங்கே இருந்தது?

"தெக்கத்தி ஜனம் மொத்தமும் மெட்ராஸ மொதல்ல பாத்தது அந்த வாசல்லதாம்மா. வேல தேடி வந்தவன், சினிமாவுல சேர வந்தவன், புள்ளய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வந்தவ, எல்லாம். வெளிய வந்து ஒரு நிமிசம் அப்படியே நிப்பாங்க. திரும்பி அந்தக் கட்டடத்தப் பாப்பாங்க. பாத்துட்டுத்தான் ரோட்டுல கால வெப்பாங்க."

"இப்பவும் அப்படியேதான் இருக்குதா?"

"சுத்தி தகரம் அடிச்சி வேல நடக்குது. புதுசு புதுசா கட்றாங்க. பழசத் தொட மாட்டோம்ங்கறாங்க. பாப்போம்."

"வாசலுக்கும் பிளாட்பாரத்துக்கும் எவ்ளோ தூரம்ணே? உள்ள ஒரு நடபாதை விடலாம்னு."

"நூத்தி நாப்பது தப்படி. தலையில பொட்டி இருந்தா நூத்தி அறுவது, கால் சின்னதா விழும்."

ரம்பம் நின்றது. இளவரசி அவரைப் பார்த்தாள். செல்லப்பன் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தார்.

"ஆபீசர் தலையில எதுக்குண்ணே பொட்டி?"

செல்லப்பனின் கண் சாரத்தைத் தாண்டிப் போனது. சாரத்துக்குப் பின்னால் ஒரு பிளைவுட் பொம்மை சுவரில் சாய்ந்திருந்தது. சிவப்புச் சட்டை போட்ட போர்ட்டர். தலையில் டிரங்குப் பெட்டி, இடுப்பில் கை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வட்டமாக ஓட்டை. வருகிறவர்கள் பின்னால் போய் முகத்தை நுழைத்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். உஷாராணி ஆசைப்பட்டுக் கேட்ட அயிட்டம்.

இளவரசி அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய் அந்தப் பொம்மையைத் திருப்பி, சுவரைப் பார்க்க வைத்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கலண்ணே" என்றாள். "அந்தக் கும்மட்டத்த எவ்ளோ உருட்டணும், அத மட்டும் சொல்லுங்க."

*

மூன்றே முக்கால் மணிக்கு உஷாராணி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். சிவப்பும் வெள்ளையுமாக நிமிர்ந்து நின்ற கட்டடத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நின்றார்.

"சம்மந்தி, ஃபர்ஸ்ட் கிளாஸ். நீங்க வந்ததுதான் நல்லதாப் போச்சி. இன்னொரு விஷயம். உங்க ஆளு ஒருத்தர் வராரு."

"யாருங்க?"

"பாகூர் சிவப்பிரகாசம் ஐயா. எழும்பூர்லயே பன்னெண்டு வருஷம் சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க கடையில கம்பி எடுப்பாரு. உங்களத் தெரியாம இருக்காது. நேரத்தோட வந்து செட்ட பாக்கறேன்னாரு. தோ, அவர் காருதான்."

வெள்ளைக் கார் மண்டபத்தை நோக்கித் திரும்பியது.

ஓடிவிடலாமா? எங்கே ஓடுவது, மகள் கல்யாணத்தை விட்டு? செல்லப்பன் மரக்கிளையிலிருந்து சட்டையை எடுத்தார். பட்டன் துவாரம் விரலுக்கு அகப்படவில்லை.

சிவப்பிரகாசம் இறங்கினார். எழுபதைத் தாண்டியவர், நெடிய உடம்பு. செட்டை ஒரு சுற்று பார்த்தார். பிறகு செல்லப்பனைப் பார்த்தார். கண் இடுங்கியது.

செல்லப்பனுக்கு அந்தப் பார்வை பழக்கம். பிளாட்பாரத்தின் நடுவே நின்று யார் எங்கே இருக்கிறார்கள் என்று அளந்த பார்வை அது.

"ஐயா, இவருதான் எங்க சம்மந்தி. உங்க எழும்பூருதான். தெரியுதா?"

 கடலூர் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"தெரியாம?" என்றார் சிவப்பிரகாசம் நிதானமாக. "நல்லாவே தெரியும். ஒரே பிளாட்பாரத்துல வேல பாத்தவங்க நாங்க. ஒரு தடவ பாதி ராத்திரி சரக்கு பொரண்டப்ப இவரு இல்லன்னா என் வேல போயிருக்கும்."

உஷாராணிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா" என்று இளவரசியிடம் சொல்லிவிட்டு, சமையல்காரர் கூப்பிடவே உள்ளே ஓடினார்.

சிவப்பிரகாசம் குரலைத் தாழ்த்தினார். "நூத்திப் பதினேழு."

"ஆமாங்க ஐயா."

"பேரு செல்லப்பனா? பன்னெண்டு வருஷம் பேட்ஜ் நம்பரச் சொல்லியே கூப்பிட்டிருக்கேன். பத்திரிகையில பேரப் பாத்தும் எனக்குத் தெரியல." அவர் பார்வை ஒரு கணம் தரைக்குப் போனது. "அந்தம்மா உன்ன என்னவோன்னு நெனச்சிக்கினு இருக்கு. இருக்கட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன். யாராச்சும் கேட்டாலும் சமாளிச்சிக்கறேன். நீ நிம்மதியா பொண்ணக் குடு."

தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

ஆபத்து நீங்கிவிட்டது. இனி யாரும் கேட்கப் போவதில்லை, கேட்டாலும் சாட்சி சொல்ல ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். செல்லப்பன் மூச்சு விட்டிருக்க வேண்டும்.

விட முடியவில்லை.

எழும்பூரில் அவரோடு இருந்த போர்ட்டர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருத்தன் தலையில் ஏறிய பெட்டி, இறங்க வேண்டிய இடத்தில்தான் இறங்கும். கழுத்து முறிந்தாலும் நடுவழியில் இன்னொருத்தன் தலைக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் மறுநாள் அவனுடன் யாரும் டீ குடிக்க மாட்டார்கள்.

இப்போது அவருடைய பொய் சிவப்பிரகாசம் தலையில் ஏறிவிட்டது. இளவரசி தலையில் மதியமே ஏறிவிட்டது. நாளை முதல் சுகன்யா தலையில், அதுவும் அந்த வீட்டுக்குள்ளேயே, தினமும்.

போனை எடுத்தார். மணி நாலு பத்து.

சுகன்யாவுக்குப் பின்னால் பெண்களின் சிரிப்பு கேட்டது. தலை அலங்காரம் நடக்கிறது.

"அம்மாடி, நான் அந்தம்மாகிட்ட சொல்லிடலாம்னு பாக்கறேன்."

சிரிப்புச் சத்தம் தள்ளிப் போனது. அவள் வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"இப்பவாப்பா?"

"நீ வேணாம்னா வேணாம்."

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"புகழு ரெண்டு மூணு வாட்டி கேட்டாரு, அப்பா எந்தப் போஸ்ட்ல இருந்தாருன்னு. நான் பேச்ச மாத்திட்டேன். ஆறு மாசமா மாத்தறேன். ஆஸ்பத்திரில பேஷண்டுக்கு சுகரு இருக்குதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவ நான், இத சொல்ல முடியல." குரல் உடைந்து, திரும்பச் சேர்ந்தது. "சொல்லிடுப்பா. ஆனா நான் வேன்ல ஏறறதுக்கு முன்னாடி சொல்லு. வேணாம்னா வூட்லயே இருந்துக்கறேன். அலங்காரம் பண்ணிக்கினு மண்டபம் வரைக்கும் வந்து என்னால திரும்ப முடியாது. வேன் அஞ்சி மணிக்கி."

ஐம்பது நிமிடம்.

*

ஐம்பது நிமிடத்தில் உஷாராணியைத் தனியாகப் பிடிப்பது என்பது திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தேடுகிற கதை.

நாலு இருபதுக்கு ஐஸ்கிரீம் வண்டிக்காரனோடு சண்டை. நாலரைக்கு மேளக்காரர்கள் வந்தார்கள். நாலு முப்பத்தெட்டுக்கு அவர் நெருங்கியபோது உஷாராணி போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார், "தவளக்குப்பம் ஜங்ஷன் தாண்டி லெஃப்ட்ல பாருங்க, ரயில்வே ஸ்டேஷனே தெரியும்" என்று.

நாலு நாற்பத்தாறு. ஸ்டோர் ரூமில் வாழை இலைக் கட்டை எண்ணிக்கொண்டிருந்தார். செல்லப்பன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"சம்மந்தியம்மா, ரெண்டு நிமிசம்."

"இருங்க, இதுல ஒரு கட்டு கொறையுது."

"நான் ஸ்டேஷன் மாஸ்டர் இல்லீங்க."

உஷாராணியின் விரல் இலைக்கட்டின் மேல் நின்றது.

"ஆபீசரும் இல்ல. போர்ட்டரு. செவப்பு சட்ட. முப்பத்தோரு வருஷம் மூட்ட தூக்கினேன். அன்னிக்கி தரகர் சொன்னப்ப நான் சொல்லியிருக்கணும். சொல்லல. ஐயா என்னக் காப்பாத்த பாத்தாரு, அவர் மேல தப்பில்ல. பொண்ணு மேலயும் தப்பில்ல. வேன் அஞ்சிக்குக் கெளம்புது. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, நான் போன் பண்ணிட்றேன்."

ஒரே மூச்சில் இறக்கிவிட்டார். 

உஷாராணி ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். 

"எதுக்கு இந்த ஸ்டேஷன போட்டேன்னு தெரியுமா உங்களுக்கு?"

செல்லப்பன் தலையை அசைத்தார், இல்லை என்று.

"புருஷன் இல்லாதவ கல்யாண வாசல்ல நிக்கக் கூடாதாம். எங்க வூட்டுக்காரரோட அண்ணன், அருள்முருகன்னு, அவரு வூட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போறாரு. நீ சமையல்கட்டப் பாரு, வரவேற்க நாங்க நிக்கறோம்ன்னு. புள்ளயப் பெத்தவ நானு, கடையில வெயில்ல நின்னு கம்பி எட போட்டு வளத்தவ நானு." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "எழும்பூர் ஸ்டேஷன் மாதிரி வாசலு, பக்கத்துல ரயில்வே ஆபீசர் சம்மந்தி. இப்படி நின்னா ஒருத்தனும் என்ன உள்ள போன்னு சொல்ல மாட்டான்னு நெனச்சேன்."

 தன் பொய்யில் இந்த அம்மாள் இத்தனை பாரத்தை ஏற்றி வைத்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

"மன்னிச்சிடுங்க" என்றார் செல்லப்பன். அது போதவில்லை என்று அவருக்கே தெரிந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றார் உஷாராணி. "நானும் பொய் சொல்லக் கூடாது. சொல்லியிருப்பேன்."

நாலு ஐம்பத்து மூன்று.

"போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப உங்க பொண்ணு டூட்டி முடிச்சி ரெண்டு பஸ் மாறி வந்துது. ஊசி போட்டுட்டு, கஞ்சி வெச்சிக் குடுத்துட்டு, கடை நோட்டுல என் கிறுக்கலப் பாத்து சிரிச்சிட்டுப் போச்சி. அன்னிக்கி அது யாரு பொண்ணுன்னா நான் பாத்தேன்?" எழுந்தார். புடவையைத் தட்டினார். "உங்க மேல கோவம் இருக்குது எனக்கு. சட்டுனு போவாது. ஒரு வருஷம்கூட இருக்கும். அதுக்கும் அந்தப் பொண்ணுக்கும் சம்மந்தமில்ல."

"புகழேந்தி தம்பி..."

"அவங்கிட்ட நான் சொல்லிக்கறேன். அவன் உங்க போஸ்ட்டையா கட்டிக்கறான்?" கதவைத் திறந்தார். "வேன எடுக்கச் சொல்லுங்க. லேட்டாவுது."

செல்லப்பன் போனைக் காதில் வைத்தார். "வா" என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது, அதைத் தாண்டி யாரோ "மை அழியுதுடி, அழாத" என்று அதட்டுவது கேட்டது.

*

ஆறரை மணி. விளக்கு போட்டாகிவிட்டது. சிவப்பும் வெள்ளையுமாகக் கும்மட்டங்கள் ஜொலிக்க, ரோட்டில் போகிற பைக்குகள் நின்று போட்டோ எடுத்தன. வேன் வந்து, ஆரத்தி எடுத்து, சுகன்யா உள்ளே போய்விட்டாள். போகும்போது அப்பாவின் கையை ஒரு தடவை இறுக்கிவிட்டுப் போனாள்.

வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒரு பக்கம் செல்லப்பன், மறுபக்கம் உஷாராணி. நடுவில் பன்னீர்ச் செம்பு. இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. கோபம் உண்மையாகவே இருந்தது.

அருள்முருகன் பட்டு வேட்டியில் வந்தார். உஷாராணியைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது.

"நீ எதுக்கும்மா இங்க? உள்ள போ. நாங்க பாத்துக்கறோம்."

"நிக்கறேன் மாமா."

அவர் பேச்சை செல்லப்பனிடம் திருப்பினார். "நீங்கதான் சம்மந்தியா? ரயில்வேன்னாங்க. இன்னா போஸ்ட்டு?"

செல்லப்பன் வாயைத் திறப்பதற்குள் உஷாராணி முந்திக்கொண்டார்.

"போர்ட்டரு. எழும்பூர்ல முப்பத்தோரு வருஷம்."

அருள்முருகனின் முகம் ஒரு பக்கமாக இழுத்தது.  உஷாராணி அவர் கண்ணையே பார்த்தார், கடையில் எடைத் தராசின் முள்ளைப் பார்க்கிற மாதிரி.

"ரெண்டு பேரும் இங்கதான் நிக்கப் போறோம் மாமா. நீங்க உள்ள போயி காபி சாப்பிடுங்க. சூடா இருக்குது."

அவர் நின்றார். பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். வேறு வழியில்லாமல் உள்ளே நடந்தார்.

செல்லப்பன் உஷாராணியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவார் என்று அவருக்குத் தெரியும். அதற்குள் அடுத்த குடும்பம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியது. பனித்திட்டிலிருந்து மாப்பிள்ளை வழிச் சொந்தம். கணவன், மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை. மூவரும் வாசலுக்கு வெளியே ஒரு நிமிடம் அப்படியே நின்று, அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தார்கள்.

இந்த முறை செல்லப்பன் இரண்டு அடி முன்னால் போனார்.

"வாங்க, வாங்க. நான் பொண்ணோட அப்பா செல்லப்பன். எழும்பூர்ல போர்ட்டரா இருந்தேன். உள்ள வாங்க."